பதினோரு தடவை ஏறிய லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இணையத்தில் 'பல்லி' என்று பெயர். பங்குச் சந்தைக்காரர்கள் கூடி வாய்ச்சண்டை போடும் தளத்துக்காக அவரே சூட்டிக்கொண்டது. அங்கே எல்லோருக்குமே வாய் நீளம். இவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

அந்தத் தளத்தில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடிய பம்பு கம்பெனிக்கே ஒரு நாள் சரக்கு லிஃப்டைப் பழுதுபார்க்கப் போனார். உள்ளே இயந்திரங்கள்மேல் தார்ப்பாய் கிடந்தது. காவலாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வீடு திரும்பியதும் எழுதினார்: "இந்தத் தொழிற்சாலையில் ஓடுவது காவலாளியின் மூக்கு மட்டும்தான்."

எழுதும் அவசரத்தில், தன்னிடமிருந்த அதே கம்பெனியின் நூறு பங்கை விற்க மறந்துபோனார்.

விலை மளமளவென்று சரிந்தது. அந்தப் பங்கை வாங்கி வைத்திருந்த 'கோடீஸ்வரன்77' என்பவர் தளத்தில் பல்லியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். உள்ளே வந்துபோன வெளியாள் லிஃப்ட் மெக்கானிக் மட்டும்தான் என்று கம்பெனி கண்டுபிடித்து, மறுவாரம் மானநஷ்ட நோட்டீஸ் வீட்டுக்கே வந்துவிட்டது. மனைவி பிரித்துப் படித்தாள்.

"'பல்லி என்கிற'ன்னு உங்க பேரைப் போட்டிருக்கான். மானம் போனது அவனுக்கா, எனக்கா? பேசாம மன்னிப்பு கேட்டுத் தொலைங்க."

"என்னன்னு கேக்கறது? மூக்கு ஓடலைன்னா?"

அவளுடைய தம்பி வக்கீல். அதுவரை வாடகைத் தகராறுகளை மட்டுமே பார்த்தவன்.

"மாமா, குறட்டைய வச்சு கேஸ் நடத்த முடியாது. வேற ஏதாவது இருக்கா?"

மெக்கானிக் யோசித்தார். பழுதுபார்த்த ரசீது இருந்தது. லிஃப்ட் எத்தனை தடவை ஏறியது என்று அதிலுள்ள மீட்டர் காட்டும். அதை எழுதி, கம்பெனி மேனேஜரிடமே கையெழுத்து வாங்கியிருந்தார். மூன்று மாதத்தில் பதினோரு தடவை. அதில் நாலு, இவரே சோதித்துப் பார்த்தது.

மன்னிப்பு கேட்காததால் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி ரசீதைப் படித்துவிட்டுக் கம்பெனி வக்கீலைப் பார்த்தார்.

"மாசம் ஆயிரம் பம்பு செய்யறதா சொல்றீங்க. அத்தனையும் மாடிப்படியில தோள்லயா தூக்கிட்டு வந்தாங்க?"

வக்கீல் வாய்தா கேட்டார். இரண்டு வாய்தாவுக்குப் பிறகு கம்பெனி வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டது.

தளத்தில் தன்னைக் கொண்டாடுவார்கள் என்று மெக்கானிக் காத்திருந்தார். வந்தது கோடீஸ்வரன்77-இன் நோட்டீஸ். பல்லி உண்மையை நக்கலாகச் சொன்னதால், அவர் அதை நம்பாமல் பங்கை விற்காமலே வைத்திருந்தாராம்; அந்த நஷ்டத்துக்குப் பல்லிதான் பொறுப்பாம். எழுதியவரே தன் நூறு பங்கை விற்காமல் நஷ்டப்பட்டதைக் காட்டி, மச்சான் ஒரே பக்கத்தில் பதில் போட்டான். அதன் பிறகு கோடீஸ்வரன் மூச்சே விடவில்லை.

மனைவி போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"ஆறு மாசத்துக்கு உங்க வாய்க்கு வாய்தா."

மெக்கானிக் நான்கு நாள் தாக்குப்பிடித்தார்.