கிடாருக்கு மேலே கேட்ட குரல்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த அந்த வாரம், கள்ளக்குறிச்சியில் பஸ் ஹாரன் சத்தமே இல்லை. மலைமேல் இருக்கும் கரியாலூருக்குத் திரும்ப வழியில்லாமல் என் சினேகிதன் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டான். விடுதியில் படித்தபோது கிடார் பழகியவன். ஒரு மெல்லிசைக் குழுவில் கிடாருக்கு ஆள் தேடினார்கள். கேசட் கொடுத்தால் கேட்டுப் பார்ப்பார்களாம். அந்த இடம் கிடைத்தால் அவன் டவுனோடு இருந்துவிடலாம்.

"தெருவே ஊமையாக் கெடக்குது மச்சான், இப்ப ரிக்கார்டு பண்ணாம எப்பப் பண்றது?" என்று கிளப்பிவிட்டவன் நான்தான்.

என் ஸ்டுடியோ என்பது ஓர் அறை, ஜன்னலை மூடிய ஜமுக்காளம், இரண்டு டேப் ரிக்கார்டர், ஒரு மைக். முதலில் அவன் தாளத்தை மட்டும் வாசித்தான். அதை ஒரு பெட்டியில் ஓடவிட்டு, கூடவே மெட்டை வாசிக்க, இரண்டையும் சேர்த்து மற்றதில் பிடித்தோம். எங்களுக்கு மிக்ஸிங் அதுதான். கிடார் ஓட்டைக்கு நேரே மைக் வைத்தால் குடத்துக்குள் பேசுவதுபோல் கும்மென்றது. கழுத்துப் பக்கம் தள்ளி வைத்தோம். பொத்தானை அமுக்க நான் மைக்கை ஒட்டியே உட்கார்ந்தேன்.

"வாய வச்சிக்கினு சும்மா இருப்பியா?"

"நான் இன்னா பேசப் போறேன்? நீ வாசி."

உருகி உருகி வாசித்தான். பிறகு போட்டுக் கேட்டபோது, எந்த இடம் எப்படி வந்திருக்கிறது என்று அவனுக்கு விளக்கிக்கொண்டே இருந்தேன்.

சாலை திறந்ததும் குழுத் தலைவரிடம் போனோம். ஒத்திகைக்கு வந்தவர்களெல்லாம் சுற்றி நிற்க, கேசட்டைப் போட்டார். கிடார் தொடங்கியது. கூடவே என் குரல்: "அப்படிப் போடு! இந்த எடத்தப் பாரேன்... ஐயோ, ஆட்டுக்குட்டி மாதிரி தாவுறானே!" கிடார் எங்கோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் வாசிக்கும்போது பேசியது போதாதென்று, வீட்டில் போட்டுக் கேட்டபோதும் பேசிக்கொண்டே இருந்ததால், டேப்பில் இருந்த என் பேச்சு எங்கள் காதில் தனியாக விழவே இல்லை.

தலைவர் நிறுத்தினார். "கிடாரு கெடக்கட்டும். யாருப்பா இந்தப் பேசுறவன்? மேடையில அறிவிக்க எங்களுக்கு ஆளு இல்ல."

சினேகிதன் என்னைக் காட்டினான். "இவன்தாண்ணே. பேச வைக்கறது சுலபம், நிறுத்தறதுதான் கஷ்டம்."

மறுபடி சிரிப்பு. அவனும் சிரித்தான். கிடார் அவன் தோளில்தான் தொங்கியது. 'இவன இங்கயே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கண்ணே' என்று ஒரு வார்த்தை போதும். நாள் முழுக்க வாயாடும் எனக்கு அந்த ஒன்று வரவில்லை.

"எப்ப வரணும்ணே?" என்று கேட்டேன்.

மலைக்குப் பஸ் ஏறும்போது சொன்னான்: "தவள தன் வாயால கெடும்பாங்க. உன் தவள பொழச்சிக்கிச்சி மச்சான்." குரலில் கோபமே இல்லை.

பல வருஷம் மேடைகளில் பேசினேன். கிடார் வாசிப்பவரை அறிமுகம் செய்யும் இடத்தில் மட்டும் குரல் தானாக இறங்கிவிடும். கீழே இருந்து மைக் செட்காரர் கையை உயர்த்திக் கத்துவார்: "கம்மியா கேக்குதுபா, சத்தமாப் பேசு!"