சாய்ந்த படகு திரும்பி வந்தது

அந்தோணி அண்ணனை அடக்கம் செய்த மறுநாள், அவர் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். கடற்கரை மணல் செருப்புக்குள் ஏறி அறுத்தது. அவர் மனைவி ரோசி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. புறப்படும்போது அவர் கேட்ட கேள்வி கூடவே வந்தது.

"கடல்ல நீ யாரை வேண்டின தம்பி?"

"எங்க மலை சாமிய அக்கா. வேடியப்பன்."

"அவரும்தான வேண்டியிருப்பாரு? அப்ப ஒன் சாமி பெரிசு, எங்க மாதா சின்னதா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. சுற்றிலும் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வேடியப்பனைக் கும்பிடுகிற நம் மக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் புதூர்நாட்டுப் பக்கத்து மலைக்காரன். எட்டாவதைப் பாதியில் விட்டவன். காப்பித் தோட்டம், கல் குவாரி, செங்கல் சூளை என்று எங்கும் நிலையாக இருந்ததில்லை. கடைசியாகப் புதுச்சேரியில், பாய்மரப் படகுகளைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் இருந்தேன். அந்த முதலாளி விசாகப்பட்டினத்தில் இரண்டு பழைய படகுகளை வாங்கினார். கடல் வழியாக ஓட்டிக்கொண்டு வர ஆள் வேண்டும் என்றார். ஊருக்கு வந்தபோது அதைச் சொன்னேன். என் தங்கை சாந்தியின் வீட்டுக்காரன் கோவிந்தன் உடனே எழுந்துவிட்டான்.

"நானும் வர்றேன் மச்சான். பொறந்ததுலேர்ந்து கடலயே பாத்ததில்ல."

"பாத்துட்டு இன்னா பண்ணப்போற? குடிக்கவும் முடியாது, ஏர் ஓட்டவும் முடியாது" என்றாள் சாந்தி. ஆனாலும் அவனுக்காகச் சட்டையைத் துவைத்துப் போட்டாள்.

அந்தப் படகுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்று ஒற்றைப் படகு. அடிவயிற்றில் ஈயம் வைத்து இறக்கிய கனமான தகடு இருக்கும். காற்று அடித்தால் ஒரு பக்கமாகச் சாயும். பாத்திரம் உருளும், மனிதனும் உருளுவான். இன்னொன்று இரட்டைப் படகு. இரண்டு மெல்லிய படகுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே ஒரே தளம் போட்டது. அது சாயாது. வீட்டுத் தரை மாதிரி சமமாக நிற்கும். மலைக்காரனுக்குச் சரிவுதான் பயம். ஜீப் சாய்ந்தால் கீழே பள்ளம். சமமாக இருப்பதுதான் பத்திரம் என்று நமக்கு எலும்பிலேயே ஊறியிருக்கிறது. அதனால் தங்கை புருஷனை இரட்டைப் படகில் ஏற்றிவிட்டு, நான் ஒற்றைப் படகில் வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

சாந்தி கேட்கவில்லை. வேடியப்பனிடம் பூக் கட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். புங்கமரத்தடியில், வாள் பிடித்த வீரன் செதுக்கிய நம் கல்லின் முன்னால், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டோம். வெள்ளை வந்தால் இரட்டை, சிவப்பு வந்தால் ஒற்றை. புருஷனுக்காக அவளே எடுத்தாள். சிவப்பு.

எனக்குச் சுருக்கென்றது. "இன்னொரு வாட்டி கட்டலாம்" என்றேன்.

"கேட்டுட்டு மாத்தக் கூடாது மச்சான்" என்றான் கோவிந்தன். "சாமி இன்னா ஒன் பட்டறை மேஸ்திரியா, ரெண்டு வாட்டி சொல்றதுக்கு?"

மனதுக்குள் சாமியைத் திட்டிக்கொண்டேதான் மலை இறங்கினேன்.

விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய இரண்டு நாளும் கடல் சாதுவாக இருந்தது. இரட்டைப் படகில் முதலாளி அமர்த்திய கேப்டன், அந்தோணி அண்ணன், நான். ஒற்றையில் கேப்டனின் தம்பியும் கோவிந்தனும். அந்தோணி அண்ணன் புதுச்சேரி மீனவர். வலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தவர். என்னை 'மலைக்குரங்கு' என்றுதான் கூப்பிடுவார். சாப்பாட்டில் மீன் துண்டு பெரிதாக என் தட்டில்தான் விழும்.

மூன்றாம் நாள் காலை வானம் ஈயமாகிவிட்டது. காற்று பின்னாலிருந்து ஏறியது. ஒற்றைப் படகு தூரத்தில் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. அதன் அடிவயிறு தெரியும்போதெல்லாம் கோவிந்தன் தலை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். எங்கள் படகோ சாயவே இல்லை. அலை ஏறும்போது தளத்துக்கு அடியில் தண்ணீர் மோதி, கதவை உதைப்பது போல் டமார் டமார் என்று சத்தம் வரும். வெடுக் வெடுக்கென்று உலுக்கும். ஆனாலும் என் டீ கிளாஸ் வைத்த இடத்திலேயே நின்றது.

"பாயச் சுருக்கணும்" என்றார் கேப்டன்.

"இன்னாத்துக்கு கேப்டன்? டீயே சிந்தல" என்றேன்.

"அதான்டா பயம். அது சாஞ்சு சாஞ்சு நமக்குச் சொல்லும். இது சொல்லாது. காத்தப் பாத்து நாமதான் தெரிஞ்சுக்கணும்."

அந்தோணி அண்ணன் பாய்மரத்தடிக்குப் போனார். பாதிப் பாய்தான் இறங்கியிருக்கும். மழையோடு ஒரு காற்று வந்து விழுந்தது. படகு ஒரு பெரிய அலையின் முதுகிலிருந்து கீழே ஓடியது. பிரேக் பிடிக்காத ஜீப் மலை இறங்குவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஓடியது. முன்னால் இருந்த அலையில் இரண்டு மூக்கும் புதைந்தன. பின்பக்கம் எழுந்தது. அவ்வளவுதான். வானம் இருந்த இடத்தில் தண்ணீர்.

கயிற்றைப் பிடித்து மேலே வந்தேன். படகு தலைகீழாக மிதந்தது. அது திரும்பி எழாது, மூழ்கவும் செய்யாது என்று கேப்டன் மூச்சிரைக்கச் சொன்னார். கரைக்குத் தகவல் அனுப்பும் கருவியை அமுக்கினார். இருவருமாக அந்தோணி அண்ணனை இழுத்துக் கவிழ்ந்த தளத்தில் போட்டோம். பாய்மரம் நெஞ்சில் அடித்திருந்தது. வாயோரம் ரத்தம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

நாள் முழுக்க அப்படியே கிடந்தோம். ஒற்றைப் படகைக் காணவில்லை. சமமாக நின்ற படகே கவிழ்ந்துவிட்டது. சாய்ந்துகொண்டே இருந்தது எங்கே மிஞ்சியிருக்கும்? சாந்தியிடம் என்ன சொல்வேன் என்பதுதான் எனக்குள் ஓடியது. "வேடியப்பா, நீதான் சிவப்பை எடுத்துக் கொடுத்த. அவனை நீதான் கொண்டாந்து வூட்ல விடணும். என்னை இன்னா வேணா பண்ணிக்கோ" என்று சத்தமாகவே சொன்னேன். மடியில் கிடந்தவரின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. குனிந்து கேட்டேன்.

"மாதாவே, இந்தப் பசங்களக் கரை சேத்துடு."

தன் பெயரை அவர் சொல்லவில்லை. சாயங்காலத்துக்கு முன் உதடு நின்றுவிட்டது. கேப்டன் தன் பெல்ட்டால் அவரைப் படகோடு கட்டினார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், மழைத் திரைக்குள் ஒரு பாய்மரம் தெரிந்தது. சாய்ந்த பாய்மரம். ஒற்றைப் படகேதான்! எங்களைத் தேடித்தான் வந்திருந்தது. ஆனால் எங்களைத் தாண்டி, காற்றோடு விலகிப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் விசில் ஊதினார். கத்தினோம். திரும்பவில்லை. கவிழ்ந்த வெள்ளைப் படகு வெள்ளை நுரைக்குள் தெரியவில்லை.

"வேடியப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அப்போதுதான் ஊரில் இருக்கும் காவல் பரண் ஞாபகம் வந்தது. சாமைக் கொல்லையில் பன்றிக் காவலுக்குப் பரணில் உட்கார்ந்திருப்பவன், கை குவித்து அடிவயிற்றிலிருந்து 'கூ' கொடுப்பான். காதில் விழுந்த அடுத்த பரண்காரன் எந்த வேலையில் இருந்தாலும் பதில் 'கூ' கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் அவனுக்கு ஆபத்தென்று இவன் ஈட்டியோடு ஓடிவருவான். நம் மலையில் இது எல்லாருக்கும் தெரியும். கையைக் குவித்து நீட்டிக் கூப்பிட்டேன். காற்று எங்களிடமிருந்து அவர்கள் பக்கம்தான் அடித்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, மெல்லியதாக, கடலுக்கு நடுவே, நம் சாமைக் கொல்லையின் பதில் வந்தது.

படகு திரும்பியது. கோவிந்தன்தான் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். அவன் வலது கை விரல்கள் கயிற்றில் சிக்கி நசுங்கியிருந்தன. முகத்தில் ரத்தமே இல்லை.

"வாயி தானா கூ குடுத்துச்சி மச்சான். அப்புறம்தான் யோசிச்சேன், கடல்ல ஏதுடா பன்னின்னு" என்றான். சிரிக்க முயன்று அழுதுவிட்டான்.

காற்று ஏறியதும் கேப்டனின் தம்பி பாயைத் துண்டளவுக்குச் சுருக்கி, சுக்கானைத் திருப்பிக் கட்டிவிட்டாராம். படகு எங்கும் ஓடாமல், அலைக்குத் தோளைக் கொடுத்து நின்றதாம். படுத்துப் படுத்து எழுந்ததாம். அடியில் இருந்த ஈயம் ஒவ்வொரு முறையும் நிமிர்த்தியது. கோவிந்தனுக்குத்தான் வாந்தியெடுத்துக் குடல் காய்ந்துபோனது. நான் திட்டிய அந்தச் சாய்வுதான் அவனைக் காப்பாற்றியது. பிறகு கரையிலிருந்து ரேடியோவில் தகவல் கிடைத்து எங்களைத் தேடி வந்தார்களாம்.

அந்தோணி அண்ணனையும் ஏற்றிக்கொண்டு கரை சேர்ந்தோம். கோவிந்தனின் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவனை முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டு அடக்கத்துக்காக நான் நின்றேன்.

ரோசி அக்கா வீட்டிலிருந்து நடந்த அன்று, பஸ் மாறி மாறி, செங்கம் தாண்டி, திருப்பத்தூரில் ஜீப் பிடித்து மலை ஏறினேன். வழி நெடுகப் பலா வாசனை. பொழுது இருக்கும்போதே வேடியப்பன் கல்லுக்குப் போனோம். சாந்தி பொங்கல் வைத்தாள். சிவப்புப் பூவைக் கல்லின் காலடியில் வைத்தேன். பக்கத்தில் வெள்ளைப் பூவையும் வைத்தேன். அது அண்ணனின் மாதாவுக்கு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு இன்னும் துக்கம் தீரவில்லை. மடியில் அந்தக் கனம் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்வேன். கேட்டது கிடைத்தது. நமக்குப் பிடித்த மாதிரியேதான் கிடைக்கும் என்றில்லை. சமமாகத் தெரிவதையெல்லாம் பத்திரம் என்று எண்ணி, வேடியப்பன் கொடுத்த பூவை மாற்றிக் கட்டாதீர்கள். சாய்கிற நேரத்தில் அவரைக் கூப்பிடுங்கள். பதில் கொடுக்காமல் இருக்க மாட்டார்.

மறுநாள் காலை, டவர் கிடைக்கும் பாறையில் ஏறி ரோசி அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அன்னிக்குச் சொல்லாம வந்துட்டேன். அண்ணன் தனக்குன்னு எதுவும் கேக்கல. எங்க ரெண்டு பேரையும் கரை சேக்கச் சொல்லித்தான் மாதாவ வேண்டினாரு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வூட்லயும் அப்படித்தான்" என்றார் அக்கா. "சோறு கம்மியா இருந்தா, வெளிய சாப்ட்டேன்னு சொல்லிடுவாரு." பிறகு, "மாதா கேட்டுட்டா போல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாறையிலிருந்து இறங்கும்போது, கோவிந்தன் முன்பு வேலை செய்துகொண்டிருந்த, பலாப்பழம் ஏற்றும் ஜீப் கிளம்ப நின்றது. கொண்டை ஊசி வளைவில் மேட்டுப் பக்கப் படியில் தொங்கி நின்று பாரம் கொடுக்கவும், வண்டி நின்றால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடவும் ஒரு ஆள் வேண்டும். இரண்டு விரல் மடங்காதவனால் கம்பியைப் பிடிக்க முடியாது.

"அவன் எடத்துல யார் வர்றது?" என்றார் டிரைவர்.

கட்டையை எடுத்துக்கொண்டு படியில் ஏறினேன். முதல் வளைவில் ஜீப் சாய்ந்தது. நான் மேட்டுப் பக்கம் சாய்ந்து நின்றேன்.