கல்யாணப் படத்தில் நின்ற மகள்

அண்ணனை நினைத்தால் முதலில் கண்முன் வருவது, கணினித் திரையின் கீழே அவர் அருகருகே வைத்திருந்த இரண்டு குறுந்தட்டுகள்தான். ஒன்றில் எளிய மென்பொருள்: படத்தை வெட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், கண்ணில் விழும் சிவப்பை நீக்கலாம். மற்றதில் எல்லாமே செய்யலாம். ஓர் ஆளை எடுத்து வேறொரு படத்தில் நிறுத்தவும் செய்யலாம். கடையிலிருந்த பழைய கணினி இரண்டில் ஒன்றைத்தான் தாங்கும். அது இரண்டாயிரங்களின் தொடக்கம். இலங்கை மலையகத்து ஹட்டன் கடைத்தெருவில், என் பெரியம்மா மகனான அந்த அண்ணன் நடத்திய ஸ்டூடியோவில் நான் முன்மேசையில் வேலை பார்த்தேன்.

அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போவார், தெருவை மூடிக்கொண்டு வரும் பனியைப் பார்ப்பார், திரும்பி வந்து ஒரு தட்டை எடுப்பார், வைப்பார். "அடையாள அட்டைப் படத்துக்குச் சின்னதே போதும் தங்கச்சி. ஆனா பக்கத்துக் கடைக்காரன் பெருசைப் போட்டுட்டா நம்மகிட்ட யாரு வருவாங்க?" என்பார். நான் என்ன சொன்னாலும் அதற்கு எதிரானதே சரியென்று அவருக்குத் தோன்றும்.

முடிவெடுக்க வைத்தவர் றொசல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா. மகனின் கல்யாணப் படத்தையும், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த மகளின் பாஸ்போர்ட் படத்தையும் மேசையில் வைத்தார். "அவ அனுப்புன காசுலதான் கல்யாணமே நடந்துச்சு தம்பி. அவள மட்டும் காணோம். எம் பக்கத்துல நிக்க வச்சுத் தாங்க." அன்றைக்கே அண்ணன் பெரியதை ஏற்றினார். சொல்லித்தர ஊரில் ஆளில்லை. கணினி அடிக்கடி உறைந்து நின்றது. அவர் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஒருவழியாக அந்த மகள் கல்யாணக் கூட்டத்துக்குள் வந்து நின்றாள், பாஸ்போர்ட் படத்தின் அதே சிரிக்காத முகத்தோடு. அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பிரதி குவைத்துக்கும் போனது.

சில வாரங்களில், படத்தின் பின்னால் குத்தியிருந்த கடை முத்திரையைப் பார்த்து அந்த மகள் தொலைபேசியில் அழைத்தாள். அண்ணன் ரிசீவரை எனக்கும் கேட்கும்படி சாய்த்துப் பிடித்தார்.

"என்னைய ஏண்ணே அதுல நிக்க வச்சீங்க? அன்னிக்கு நா இங்க கக்கூஸ் கழுவிக்கிட்டிருந்தேன். நா இல்லாமதான் கல்யாணம் நடந்துச்சு. அது படத்துலயும் தெரியட்டும். என்னைய எடுத்துருங்க."

"சரிம்மா" என்றார் அண்ணன். அடுத்த ஞாயிறு, திருத்தாத பிரதியோடு தோட்டத்துக்குப் போனார். அந்த அம்மா வெகுநேரம் அழுதுவிட்டு, மகளைச் சேர்த்த படத்தைச் சேலையில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தாராம். மகள் இல்லாத படம்தான் அவர்களுடைய லயத்து வீட்டின் சுவரில் ஏறியது.

அதற்குப் பிறகு அண்ணனின் தவிப்பு கூடியது. பெரியதை நீக்கிச் சின்னதைப் போடுவார். யாராவது கேட்டு வந்தால் மறுபடி மாற்றுவார். இல்லாத ஆளைச் சேர்க்கச் சொன்னால், "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்பார். இறந்தவர்களைச் சேர்க்க வந்தவர்கள் அந்தக் கேள்வியில் திகைத்து, பக்கத்துக் கடைக்குப் போனார்கள். இன்று என் மகள் கைப்பேசியில் விரலால் தடவி ஆளையே அழித்துவிடுகிறாள். அவளுக்கு அது விளையாட்டு.

ஒப்பந்தம் முடிந்து குவைத்திலிருந்து திரும்பிய அந்த மகள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு படம் வேண்டுமென்றாள். அம்மாவின் தோளை இறுகப் பிடித்து நின்றாள். தாடையோரம் இஸ்திரிப் பெட்டி சுட்டதுபோல் ஒரு தழும்பு. அண்ணன் வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து, அச்சிடப் போனார்.

"அண்ணே, இந்தத் தழும்ப எடுக்க முடியுமா?"

அண்ணன் திரும்பினார். "நீதானம்மா அன்னிக்கு, உள்ளது உள்ளபடி இருக்கணும்னு…"

"அன்னிக்கு நா அங்க இல்லண்ணே. இப்ப வந்து நிக்கிறேன்ல? இது அந்த வீட்டுல பட்டது. எங்கம்மாகூட நிக்கிற படத்துல அது எதுக்கு?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று அவர் இடையில் எழுந்து நடக்கவில்லை. தழும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை அவள் அவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முழுதும் மறைந்த பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் தாடையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.