ஈர நெல்லின் எடை

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் மாதக் கடைசி வந்தால் கை பரபரக்கிறது. தஞ்சாவூரில் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமான நான்கு கம்பெனிகளுக்கும் நான்தான் சீனியர் அக்கவுண்டன்டாக இருந்தேன். நெல் கொள்முதல், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஓர் அரிசி ஆலை, உர வியாபாரம், லாரி. மாதக் கடைசியில் நான்கு கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கும் மூன்று நாளும் அலுவலகம் கல்யாண வீடுதான். எல்லாக் கம்பெனி ஆட்களும் வந்து, ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவோம். "உங்க லாரி வாடகைய எங்க தலையில ஏன் சார் கட்டுறீங்க?" என்று எலுமிச்சை சாதத்தோடு கேள்வி வரும். அந்தச் சத்தத்துக்கு இப்போது மனம் ஏங்குகிறது. வீட்டில் ஒரே பேப்பரை இரண்டு முறை படிக்கிறேன்.

அந்த மேசையில் வைத்துத்தான் ஆலைக் கிடங்கின் பொறுப்பாளரை நான் அவமானப்படுத்தினேன். கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண். அம்மாவும் அப்பாவும் வயல் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள். அந்த வருடம் குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொண்டது. கொள்முதல் கம்பெனி அனுப்பிய எடைக்கும், ஆலையில் காயவைத்து மூட்டை பிடித்தபின் அவர் எழுதிய எடைக்கும் ஒவ்வொரு லோடிலும் வித்தியாசம்.

"எப்படிம்மா குறையும்?" என்றேன். முதலாளி பக்கத்தில் இருந்தார்.

"ஈர நெல்லு சார். காய்ஞ்சா எடை போயிடும்."

"கொஞ்சம் போகும். இவ்வளவா? நாங்க வீட்ல வருஷா வருஷம் நூறு மூட்டை அடுக்கி வெச்சவங்கம்மா. எனக்கு நெல்லு தெரியாதா?"

"நான் ஒரு மணி கூட எடுக்கல சார்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். முதலாளி லாரித் தொழிலில் வளர்ந்தவர்; நெல் விஷயத்தில் என் பேச்சுதான் அவருக்கு வேதவாக்கு. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் பாதி சாப்பிட்ட டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனார். அவர் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

அவரை வேலையை விட்டு நிறுத்தக் காகிதத்தில் ஆதாரம் வேண்டுமே. ஆலைக்குப் போனேன். அன்று வந்து இறங்கிய நெல்லில் அறுபது கிலோ நிறுத்து, என் கண் முன்னால் களத்தில் பரப்பச் சொன்னேன். இரண்டு நாள் நல்ல வெயில். மறுபடி நிறுத்தபோது நாலு கிலோவுக்கு மேல் காணோம். அதே நெல், அதே தராசு. அவர் எழுதிய வித்தியாசமும் அதே விகிதத்தில்தான் இருந்தது.

சிறுவயதில் நான் பார்த்ததெல்லாம் காய்ந்து, தூற்றி, வீட்டுக்குள் வந்து சேர்ந்த நெல். களத்தில் அதைக் கிளறி விட்டவர்கள் கூலிக்கு வந்த வேறு வீட்டுக்காரர்கள். அந்த லட்சணத்தில்தான் நெல் தெரியும் என்று மார்தட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"தராசு சொன்னதும் நம்பிட்டீங்க. நான் சொன்னப்ப நம்பலையே சார்" என்றார்.

மறுநாள் வேலைக்கு வந்தார். அடுத்த மாதக் கடைசியில் அதே மேசையில் எல்லோரோடும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்; எனக்கும் ஊறுகாய் வைத்தார். ஆனால் நான் ஓய்வு பெறும் நாள் வரை, என்னிடம் கொடுக்கும் ஒவ்வொரு எடைச்சீட்டுக்கும், நான் வாங்கிக்கொண்டேன் என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார். வேறு யாரிடமும் அவர் அதைக் கேட்டதில்லை.