தீப்பெட்டி இல்லாத வீடு

எங்கள் வீட்டில் இருபது வருடமாகத் தீப்பெட்டி கிடையாது. ஊரில் சண்டைக் காலத்தில், ஒன்பது வயதில், தன் வீடு எரிவதை ஒழுங்கையில் நின்று பார்த்தவள் என் மனைவி. சமையல் கரண்ட் அடுப்பில்தான். சாமித் தட்டிலும் பல்ப் விளக்குத்தான். கலியாணத்துக்குத் தந்த குத்துவிளக்கு பழைய சேலைக்குள் சுற்றியபடி அலுமாரியில் கிடந்தது. பிறந்தநாள் கேக்கில் ஒரு மெழுகுதிரி ஏற்றவும் விடமாட்டாள்.

போன குளிர்காலம் உறைமழை பெய்து, கம்பிகளில் ஐஸ் பிடித்து அறுந்து, மூன்று நாள் கரண்ட் இல்லை. மொன்றியலில் கரண்ட் போனால் ஹீற்றரும் போச்சு. போர்வைக்குள் கிடந்து பல்லுக் கிடுகிடுத்தபோதே நான் முடிவெடுத்துவிட்டேன். அவளோடு வாதாடி வென்ற சரித்திரம் எனக்கில்லை. அதனால் வீடு திருத்தும்போது, அவளைக் கேட்காமலே, கரண்ட் இல்லாவிட்டாலும் எரியும் காஸ் கணப்படுப்புக்கு ஓடர் கொடுத்தேன்.

விஷயம் தெரிந்ததும், "கொண்டுவந்து பூட்டுங்கோ. ஆனா அந்த அறைக்குள்ளை நான் கால் வைக்கமாட்டன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான். எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துவிட்டது.

பொருத்த வந்த கியூபெக்காரர் சுவரில் ஓட்டை போட்டு, குழாய்க்குள் குழாயாக ஒன்றைச் செருகினார். வெளிக்குழாயால் காற்று உள்ளே வரும், உள்குழாயால் புகை வெளியே போகும், வீட்டுக் காற்று இந்த நெருப்புக்குத் தேவையே இல்லை என்றார். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு எழுந்து கொஞ்ச நேரத்தில், "நோ, மதாம்!" என்று அவர் கத்தினார். திரும்பினால், அறை வாசலில் மனைவி ஒரு வாளி தண்ணீரோடு நிற்கிறாள். சூட்டுக் கண்ணாடியில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடுமாம். அவர் மெல்லப் போய் ரிமோட்டை அவள் கையில் வைத்தார்.

அவள் அழுத்தினாள். நெருப்பு அணைந்தது. புகை இல்லை, சாம்பல் இல்லை. மறுபடி அழுத்தினாள், வந்தது. பத்துத் தரமாவது இருக்கும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே அத்தனை பெரிய நெருப்பு அவள் விரலுக்குக் கட்டுப்பட்டு நின்றது.

"இஞ்சாருங்கோ, நில் எண்டா நிக்குது" என்றாள்.

வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து, கண்ணாடிக்கு முன்னால் தரையில் சம்மணம் கட்டி இருந்தாள். பொருத்த வந்தவர் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

"அந்தக் குத்துவிளக்கை எடுங்கோவன்" என்றாள் பிறகு.

விளக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, தீப்பெட்டி வாங்க மூலை டெப்பனர் கடைக்கு ஓடினேன்.