டேனி எண்ணிய நாலு

கேம்ப் ரோட்டில் பஞ்சர் கடை ஒன்றில் நின்றிருந்தபோதுதான் ஜெனிபரிடமிருந்து போன் வந்தது. டேனியலின் மனைவி. காலை எட்டரை மணி இருக்கும். "அண்ணா, அவரு எழுந்திரிக்கவே இல்ல. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நீங்க வாங்க" என்றாள். அழவில்லை. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். டேனிக்கு நாற்பத்தொரு வயது. தூக்கத்திலேயே மாரடைப்பு.

மதியத்துக்குள் நம் நண்பர்களின் வாட்ஸ்அப் குழு நிரம்பிவிட்டது. 'ஈரச் சுவர்' பேண்டின் டிரம்மர் போய்விட்டான் என்று எல்லோரும் எழுதினீர்கள். "அந்த ரெக்கார்டில் உன் கை என்றைக்கும் ஒலிக்கும்" என்று ஒருவர் எழுத, மற்றவர்களும் அதையே திருப்பிச் சொன்னீர்கள். அந்த ரெக்கார்டில் ஒலிப்பது டேனியின் கை இல்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சேலையூரில் என் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த அறையில்தான் ஒத்திகை. சுவர் எப்போதும் கசியும். பேண்டுக்குப் பெயர் வைக்க நாங்கள் ரொம்ப யோசிக்கவில்லை. டேனி காட்டாங்குளத்தூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை முடித்து, ரயிலில் தாம்பரம் வந்து, சாப்பாட்டுப் பையில் டிரம் குச்சிகளைச் செருகிக்கொண்டு படியேறுவான். சைனஸ் தொந்தரவு உண்டு. மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு" என்று தமிழில்தான் எண்ணுவான். பல்லவி திரும்ப வரும் இடத்தில் துளி தாமதிப்பான். கேட்டால், "பாடறவன் மூச்சு வாங்க வாணாமா மச்சான்? தொரத்திகினே போனா அவன் எங்க போவான்?" என்பான். பேண்டில் மற்ற நாங்கள் மூவரும் அந்தத் தாமதத்துக்குள்ளேயே பழகிவிட்டோம். காதில் டிக் டிக் என்று தாளக் கணக்குச் சொல்லும் மெஷினை வைத்து வாசிக்க வேண்டும் என்று பதினோரு வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு மும்பையின் பெரிய இசைக் கம்பெனி ஒன்று எங்களைக் கூப்பிட்டது. நான்கே பாடல்கள் கொண்ட சின்ன ரெக்கார்டு. ஓடினால் அடுத்தது முழு ஆல்பம் என்றார்கள். மும்பை ஸ்டூடியோவில் முதல் நாளே டேனியின் காதில் அந்த டிக் டிக்கை மாட்டினார்கள். பல்லவி வரும்போதெல்லாம் டிக் முன்னால் போனது, இவன் பின்னால் நின்றான். இரண்டு நாள் முயன்றான். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

ஊர் திரும்பிய வாரத்தில் கம்பெனியிலிருந்து எனக்கு மெயில் வந்தது. டிரம்ஸ் முழுவதையும் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறோம், சம்மதமா? மெயில் பார்ப்பது பேண்டில் என் வேலை. டேனியிடம் கேட்டிருக்கலாம். 'ஓகே' என்று பதில் போட்டேன். அவனிடம், "நீ வாசிச்சதக் கொஞ்சம் சரி பண்ணிருக்காங்கடா" என்றேன். ரெக்கார்டின் அட்டையில் 'டிரம்ஸ்: டேனியல்' என்றே அச்சானது. முதல் பாட்டின் தொடக்கத்தில் அவன் எண்ணுவது நன்றாக இருக்கிறது என்று அதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

என் வீட்டில்தான் முதலில் கேட்டான். நான்கு பாட்டையும் முழுசாகக் கேட்டான். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தான். "சுத்தமா கீது மச்சான்" என்றான். அதற்குமேல் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மேடைகளில் அந்தத் தாமதம் காணாமல் போயிற்று. வீட்டில் தலையணையைப் போட்டு, போனில் டிக் டிக் வைத்துப் பழகுவதாகக் கேள்விப்பட்டேன். எதுக்குடா என்றதற்கு, "ரெக்கார்டுல கீற மாதிரி அடிக்கணும்ல? ஜனம் அதக் கேட்டுட்டுதான வருது" என்றான். தன் இடத்தில் உட்கார்ந்த மெஷினைப் பார்த்து அவன் அடிக்கப் பழகினான். நான் பக்கத்தில் நின்று கிடார் வாசித்தேன். ரெக்கார்டு ஓடவில்லை. கம்பெனி எங்களை மறந்தது. பேண்டும் கலைந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவன் வீட்டில் ஜெபக்கூட்டம். எல்லோரும் போனபின் ஜெனிபர் போனில் முதல் பாட்டைப் போட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. நிறுத்தினாள். மறுபடி போட்டாள், மறுபடி நிறுத்தினாள்.

"முழுசாப் போடேம்மா" என்றேன்.

"அதுக்கப்புறம் வர்றது அவரு இல்லண்ணா."

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தன வருஷம் அவரு தலகாணில அடிக்கறதப் பக்கத்துல இருந்து கேட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா? அவருக்கும் அன்னிக்கே தெரியும். நானே உங்களக் கேக்கறேன்னு சொன்னதுக்கு, 'வாணாம், அவனே ஒருநாள் சொல்லுவான், இரு'ன்னாரு."

அவன் குச்சிகளை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாடி அறையில் போனில் பதிந்த பழைய ஒத்திகை ஒன்று என்னிடம் இருக்கிறது. இரைச்சலும் கரகரப்புமாக இருக்கும். பல்லவிக்கு முன்னால் அவன் தாமதிப்பது மட்டும் தெளிவாகக் கேட்கும். அதை நான் வைத்துக்கொள்கிறேன். கேட்க வேண்டும் என்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.

பாடுகிறவனுக்காக நின்றதுபோல எனக்காகவும் நின்றிருக்கிறான், இத்தனை வருடம். நான் வாயைத் திறக்கவில்லை.