கழுத்தில் பொட்டு வைத்த மிஷின்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கே போனாலும் இதைச் சொல்லிவிடுவேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஆறாம் வகுப்பு படித்தபோது இந்தப் பெருமை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால், ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் சந்தில் யார் வீட்டுக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். கரண்ட் பில்லைக்கூட நான் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் படிப்பேன்.

அதனால்தான் நைனா அந்த மிஷினைக் கொண்டுவந்த அன்று, இறக்கி வைத்த கையோடு என்னைக் கூப்பிட்டார்.

நைனா இஞ்சின் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டினார். பேர்தான் மீன்பாடி, அதில் ஏறியதெல்லாம் பீரோவும் சிமெண்ட் மூட்டையும்தான். மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப் போகிறார்கள் என்று, அதன் பின்பக்கம் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த பட்டறையைக் காலி செய்ய அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மரமும் தகரமும் போன பிறகு மூலையில் இது மட்டும் மிச்சம் நின்றதாம். “இது என்னன்னு எங்காத்துல யாருக்கும் தெரியலப்பா. நீயே எடுத்துண்டு போயிடு” என்று அந்த வீட்டு மாமி சொல்லிவிட்டார்.

முழுக்க இரும்பு. கீழே ஒரு கனமான பலகை, இரண்டு பக்கமும் தூண், தூண்களுக்கு மேலே வளைவு. வளைவின் நடுவில் ஒரு பெரிய திருகு இறங்கியது. திருகின் தலையில் பஸ் ஸ்டியரிங் மாதிரி ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் மேலே இருக்கும் இன்னொரு இரும்புப் பலகை மெதுவாக இறங்கிக் கீழ்ப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். இறங்கி என்ன செய்யும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

வளைவின் மேல் புடைத்த எழுத்துகள் இருந்தன. நைனா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். அம்மா முந்தானையால் துடைத்தாள். சந்தே சுற்றி நின்றது. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். பாதி தேய்ந்து போயிருந்தது. மீதியில் இருந்தது சீமையில் ஏதோ ஓர் ஊரின் பேர்.

“த்தோடா!” என்றார் சித்தப்பா. “மிஷின் இன்னான்னு கேட்டா அது ஊர் பேரு சொல்லிக்கினு கீது.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும், “இன்னொரு வாட்டி படி. சத்தமா படி” என்றாள். படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அன்றிலிருந்து சந்தில் ஆளுக்கொரு கண்டுபிடிப்பு. சித்தப்பா வடபழனியில் ஷூட்டிங்குக்கு லைட் தூக்குகிறவர். “வில்லன் ஹீரோ கைய இதுல வெச்சி நசுக்குவான். அதுக்குன்னே செஞ்ச மிஷின் இது” என்றார். நைனாவுக்குத் திடீரென்று ஒரு பயம் வந்தது. “ரூபா நோட்டு அடிக்கிற மிஷினா இருந்தா இன்னாடா பண்றது? போலீஸ் வந்துடப் போறான்” என்று அதன் மேல் சாக்குப் போட்டு மூடினார். எதிர்வீட்டு அத்தை சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அட போய்யா, இது சப்பாத்தி அமுக்குறது” என்று தீர்ப்பு சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் மாவையும் பிசைந்து கொண்டுவந்தாள். சப்பாத்தி என்னவோ காகிதம் மாதிரி மெல்லிசாகத்தான் வந்தது. தின்றுபார்த்த சித்தப்பா மட்டும் வாயிலிருந்த துருவை ராத்திரி வரைக்கும் துப்பிக்கொண்டிருந்தார்.

நைனாவின் கணக்கு நேரானது. இன்ன மிஷின் என்று தெரிந்தால் அந்தத் தொழில்காரனிடம் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, வண்டி இஞ்சினைச் சரிபண்ணலாம். தெரியாவிட்டால் ஆயுத பூஜை முடிந்ததும் காயலாங்கடையில் எடைக்குப் போட்டுவிட வேண்டியது. ஒண்டிக் குடித்தனத்தில் அது ஓர் ஆள் படுக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் அம்மா அரிசி களைந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. நைனா வண்டியைக் கழுவி, அதன் முன்னாலிருக்கும் கம்புக்கு மாலை போட்டார். வண்டிக்குப் பொட்டு எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். அரிவாள்மனைக்கும் ஸ்டவ்வுக்கும்கூடத் தெரியும். இந்த மிஷினுக்கு முகம் எது? எழுத்து இருக்கிற பக்கம்தான் முகம் என்றார் நைனா. “சக்கரம்தாண்ணா முகம். ஆளு கை வெக்கிற எடத்துலதான் வெக்கணும்” என்றார் சித்தப்பா. கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு பேரும் சண்டை போட்டார்கள்.

அம்மா குங்குமக் கிண்ணத்தோடு குனிந்தாள். சக்கரத்திலும் வைக்கவில்லை, எழுத்திலும் வைக்கவில்லை. திருகு வந்து மேல் பலகையில் சேரும் இடத்தை, அந்தக் கழுத்தை, விரலால் துடைத்து, சந்தனத்தைப் பூசி நடுவில் பொட்டு வைத்தாள். பிறகு சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த என் புத்தகங்களில் மேலே இருந்ததை எடுத்தாள். அது பள்ளியில் எனக்குப் பரிசாகக் கொடுத்த அகராதி. எங்கள் வீட்டுக்கு இலவசமாக வராமல், நான் ஜெயித்து வந்த முதல் புத்தகம். அதை இரண்டு பலகைக்கும் நடுவில் வைத்துச் சக்கரத்தை லேசாகச் சுற்றிவிட்டாள்.

“யம்மா! என் டிக்ஷனரி!” என்று கத்தினேன்.

“சும்மா இருடி. பூஜை அன்னிக்கு வாய் காலியா இருக்கக் கூடாது” என்றாள்.

யாருடைய வாய் என்று யாரும் கேட்கவில்லை. சுண்டல் வந்துவிட்டது.

காயலாங்கடைக்காரர் வருவதாகச் சொன்ன வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு விடியற்காலையில் ஆற்றுத் தண்ணீர் சந்துக்குள் வந்து, வாசற்படி தாண்டி, என் பைக்குள்ளும் போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பையைக் கவிழ்த்தேன். அகராதி பன் மாதிரி ஊறி உப்பியிருந்தது. பக்கத்தைப் பிரித்தால் கையோடு வந்தது. வீட்டில் பாயும் தலையணையும் போனதற்கு யாரும் அழவில்லை. நான் அகராதிக்காக அழுத அழுகையில் எதிர்வீட்டு அத்தை ஓடி வந்தாள்.

“கைய எடு” என்றாள் அம்மா. பழைய செய்தித்தாள் கேட்டு சித்தப்பாவை மெயின் ரோட்டுக்குத் துரத்தினாள். நாலைந்து பக்கத்துக்கு ஒரு தாள் என்று உள்ளே செருகி, மிஷினில் வைத்து, சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் சுற்றினாள்.

“இன்னாமே, கெட்டியா முறுக்கு. அப்பதான் தண்ணி வடியும்” என்று நைனா கை வைக்கப் போனார்.

“கெட்டியா முறுக்குனா பக்கம்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நீ அந்தாண்ட போ.”

தாள் நனைய நனைய மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் சக்கரம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் வெளியே வந்த அகராதியின் அட்டை வெளுத்து, ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. ஆனால் தட்டையாக இருந்தது. ஒரு பக்கம்கூடப் போகவில்லை. அதைப் பார்த்துவிட்டு அத்தை தன் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். அப்புறம் ரேஷன் கார்டுகள் வந்தன, யாரோ ஒருவரின் டிரைவிங் சர்டிபிகேட் வந்தது. நைனா வாசலில் நின்றுகொண்டு, “வரிசையா வாங்கப்பா. நம்ம மிஷின் எங்கயும் போயிடாது” என்றார். காயலாங்கடைக்காரர் வந்தபோது கொடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஈரத் துணியைப் பிழியத் தெரிந்தவளுக்கு ஈரப் புத்தகத்தையும் பிழியத் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

ஆற்றோரத்தைக் காலி செய்து அரசாங்கம் ஊருக்கு வெளியே எங்களுக்கு அடுக்குமாடி வீடு கொடுத்தபோது, நைனாவும் சித்தப்பாவும் திட்டிக்கொண்டே அதை மாடிக்குத் தூக்கினார்கள். இப்போது அதன் மேல்தான் டி.வி. இருக்கிறது. எம்.ஏ. ஆய்வேட்டைக் கட்டி வாங்க நான் திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடைக்குப் போனபோது, உள்ளே எங்கள் வீட்டு மிஷின் மாதிரியே ஒன்று நின்றது. அதே சக்கரம், அதே வளைவு. கழுத்தில் காய்ந்துபோன பழைய குங்குமம்.

“இது இன்னாண்ணா?” என்று கேட்டேன்.

“புக்கு ப்ரெஸ்மா. பசை போட்ட புக்கை இதுல வெச்சி அமுக்குவோம்.”

“பொட்டு ஏன் அங்க வெச்சிருக்கீங்க?”

“அங்கதாம்மா வெப்போம். பூஜை அன்னிக்கு ஒரு புக்கை உள்ள வெச்சி லேசா முறுக்கி வுட்டுருவோம். வாய் காலியா இருக்கக் கூடாது.”

பஸ் முழுக்க அந்த வாக்கியம் என்னோடு வந்தது. வீட்டில் ஆய்வேட்டை அம்மாவிடம் நீட்டினேன். தங்க எழுத்தில் மின்னிய என் பேரை அவள் பார்க்கவில்லை. அட்டையைத் திறந்து, அது மடங்கும் உள் ஓரத்தில் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டினாள்.

“நல்லா காயவுட்டுத்தான் எடுத்துருக்கான்” என்றாள்.

“நீ எங்க வேல செஞ்சம்மா?”

“அங்கதான், திருவல்லிக்கேணில. நீ ஆறாவது போய்க்கினு இருந்தியே, அந்த வயசுல. நோட்டுக்கு அட்ட போடுற எடம்.”

“நைனாவுக்குத் தெரியுமா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வேலைக்குப் போனேன்னு யாரு கேட்டாங்க?”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, இது இன்னா மிஷின்னு.”

“சொன்னா உங்க நைனா அன்னிக்கே வித்துருப்பாரு.” ஆய்வேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “ஊரு புள்ளைங்க நோட்டெல்லாம் அமுக்குனேன். நம்ம வூட்டு புக்கு ஒண்ணு அமுக்கலாம்னுதான்.”

சித்தப்பா சிரித்ததும், எனக்கு அழுகை முட்டியதும் அப்போது நினைவுக்கு வந்தன. அந்த எழுத்துகள் ஒன்றுக்கும் உதவாதவை என்று அன்று எல்லோரும் முடிவு கட்டினோம். மிஷின் என்னவென்று அம்மாவுக்கு அவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே மாதிரி ஒரு வளைவின் கீழே, அதே மாதிரி எழுத்துகளைத் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டேதான் அவள் பாவாடை கட்டிய வயதில் சக்கரம் சுற்றியிருக்கிறாள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படித்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

இன்னொரு வாட்டி படி, சத்தமாகப் படி என்று அவள் சொன்னபோது, நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்றல்லவா நினைத்தேன்.